பாரமில்லை, பக்கம்

அக்காவின் முதுகுக்கடியில் தம்பி கையைக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது, வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவள் கேட்டாள். கிரேக்கச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி. அவள் ஆயுசு முழுக்க அதற்கே போயிருந்தது. கண் மங்கிய பிறகு அவள் சொல்லச் சொல்லக் கணினியில் அடித்துக்கொடுத்தவன் அவன்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனை அந்த எழுத்துகள் மிரட்டவில்லை. பாதியை வயரிங் படத்திலேயே பார்த்தாயிற்று என்பான்.

"ஹுப்பொமெனோ முடிஞ்சுது. பொறுத்துக்கொள்னு போட்டிருக்கேன்."

எப்படி உண்டான சொல் என்று போட்டாயா என்றாள். போட்டிருந்தான். ஹுப்போ என்றால் கீழே, மெனோ என்றால் தங்கு. சுமைக்குக் கீழே நகராமல் நிற்பது. முன்பே சேர்த்திருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று, பராமெனோ, அதையும் சேர் என்றாள். மெனோ அதேதான், முன்னால் ஒட்டுவதுதான் வேறு.

"பரான்னா பாரமாக்கா?"

அவளுக்கு வந்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பாரமில்லடா, பக்கம். பக்கத்துல தங்கு. உடனிருன்னு போடு."

போட்டான். சாயங்காலம் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. துடைத்து முடித்து, தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் அண்ணனுக்குப் போன் செய்தான்.

அண்ணன் மறுநாள் காலையில் காரில் வந்தார். அவளை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடு, உன் பிழைப்பைப் பார் என்று ஒருமுறை சண்டை போட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் நாலு பேர் நடுவில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கடா. வேற யாராலயும் ஆகாது."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பாராட்டுகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் அதை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

"பொறுத்துக்கலண்ணே," என்றான் நிதானமாக. "கூட இருந்தேன். அது வேற வார்த்தை."

தோளிலிருந்த அண்ணனின் கை மெல்ல இறங்கியது.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கூடமெல்லாம் செருப்புச் சேறு. அவன் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினான். அண்ணன் காருக்குப் போகவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, எதிர்ச்சுவரிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.