கோணல் அச்சு

சின்னவளின் மணிக்கட்டில் இருந்த சிவப்புத் தடிப்பைப் பெரியவள் கவனித்தது, தேநீர்க் கோப்பையை அவளிடம் நீட்டியபோதுதான்.

"இது என்னடி?"

"எது?" சின்னவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "கொசு கடிச்சிருக்கும்க்கா."

கொசுக்கடி எப்படி இருக்கும் என்று பெரியவளுக்குத் தெரியாதா? இது மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டதுபோல், பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. இதே தடிப்பை அவள் தன் உடம்பிலேயே பார்த்திருக்கிறாள். கொக்கபோலோ என்று ஒரு மரம். கடல் கடந்து வருவது. ஆரஞ்சும் கறுப்பும் வரிவரியாக ஓட, எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும். அழகுக்கு அழகு, கெடுதலுக்குக் கெடுதல். சில வருடங்களுக்கு முன் அந்த மரத்தில் ஒரு கிட்டார் செய்யப் போய், முதலில் கை தடித்து, அப்புறம் இமை வீங்கி, கடைசியில் மூச்சுக்குழாய் இறுகி, பெரியவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். அன்றோடு அந்த மரம் பட்டறை வாசலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. போன மழைக்காலத்தில் ஒருவன் அந்தக் கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றபோதுகூட, வாசலிலேயே வைத்து விரட்டாத குறையாக அனுப்பினாள்.

அப்படியிருக்க, தங்கை கையில் அந்தத் தடிப்பு எப்படி வந்தது? அதிலும் சின்னவள் மரத்தைத் தொடுகிறவளே இல்லை.

டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறைப் பட்டறையில் அக்காவும் தங்கையும் எலக்ட்ரிக் கிட்டார் செய்தார்கள். முன்னறை பெரியவளுடையது. மகோகனி, ஈட்டி, கருங்காலி, மேப்பிள் என்று ஊர் ஊராகத் தேடி வாங்கிய கட்டைகள் சுவரோரம் சாய்ந்திருக்கும். அறுப்பது, குடைவது, கழுத்தை இழைத்துக் கைக்கு அடங்க வளைப்பது எல்லாம் அவள். பின்னறை சின்னவளுடையது. தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் பூட்டிய சுற்றுக் கருவியில், முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிக்கப் செய்வாள்; கம்பி அதிர்வைச் சத்தமாக்கும் காந்தப் பெட்டி அதுதான். நடுவில் தூசி போகாமல் கனத்த திரை. "நீ உளியத் தொட்டா விரல எண்ணித்தான் வீட்டுக்கு அனுப்பணும்" என்று பெரியவள் கேலி செய்வாள். சின்னவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று பெரியவளுக்கு நினைவில்லை.

தடிப்பைப் பார்த்த நாளிலிருந்து அவள் கண் தங்கை மேலேயே இருந்தது. போன் வந்தால் சின்னவள் கொல்லைப்புறம் போய்ப் பேசினாள். மதியத்தில் "பல் டாக்டரப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். போன வாரமும் பல், இந்த வாரமும் பல். ஒருநாள் அவள் குனிந்து கம்பி முனையை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, வகிட்டோரம் செங்காவியாக ஏதோ ஒட்டியிருந்தது. பெரியவள் எட்ட நின்றே பார்த்தாள். மரத்தூள்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஊர்ச் செய்தி எதுவும் அவர் வண்டியில் ஏறாமல் போனதில்லை.

"பல் டாக்டரா?" என்றார் அவர். "பழைய மில் ஸ்டாப்புல இல்ல இறங்கினா? என் வண்டியிலதான் வந்தா. என்னப் பாத்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீங்க ஏன் இத்தன நாளா சொல்லல?"

"பஸ்ல யார் ஏறினா, யார் இறங்கினான்னு வந்து ஒப்பிக்கிறதா என் வேலை?"

பெரியவள் தட்டைத் தள்ளிவைத்தாள். பழைய மில் பக்கம்தான் பாலிஷ்காரர் கொட்டகை போட்டிருந்தார். முன்பு இவர்கள் கிட்டார்களுக்கெல்லாம் மெருகு போட்டவர். வாய்த்தகராறில் விலகிப் போனவர். அவர் போன கொஞ்ச நாளில், ஒரு கொம்பு நீண்டு ஒரு கொம்பு மடிந்த இவர்கள் கிட்டார் வடிவத்தை அப்படியே காப்பியடித்து, எவனோ ஃபேக்டரியில் செய்து கடைகளில் தொங்கவிட்டான். வடிவத்தைக் கொடுத்தது பாலிஷ்காரர்தான் என்று பெரியவள் அன்றே முடிவு கட்டியிருந்தாள். இப்போது அந்த ஆளோடு சொந்தத் தங்கை!

மறுநாள் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக அச்சைப் பார்த்தாள். கிட்டாரின் உடம்பு வடிவத்தையும், கழுத்து வந்து உட்காரும் குழியையும் வெட்டி வைத்த ஒட்டுப்பலகை அது. அதை மரத்தின்மேல் வைத்துத்தான் விளிம்பு பிடித்துக் குடைவார்கள். வழக்கமான ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அவள் கையால் எழுதிய எழுத்து சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் ஒருநாளும் அப்படி மாட்டமாட்டாள். யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள், அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

கேட்டிருக்கலாம். திரையை விலக்கி, "ஏன்டி எடுத்தே?" என்று ஒரு வார்த்தை. ஆனால் சந்தேகம் வந்தவளுக்குக் கேள்வி கேட்பது தோல்விபோல் இருந்தது. கேட்டால் பொய் சொல்வாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அன்று சின்னவள் போனபிறகு பெரியவள் புதிய ஒட்டுப்பலகையில் இன்னொரு அச்சு வெட்டினாள். கொம்பு, இடுப்பு எல்லாம் அச்சு அசலாக. கழுத்துக்குழியை மட்டும் ஒரு முடியளவு கோணலாகச் சாய்த்தாள். கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பார்த்தாலும் தெரியாது. கழுத்தைப் பூட்டிக் கம்பி கட்டும்போதுதான் தெரியும்; ஓரக் கம்பி கழுத்தை விட்டு வெளியே நழுவும். அப்படி ஒரு கோணல் கிட்டார் எங்கே தலைகாட்டினாலும் அது திருட்டுக் கிட்டார் என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. பழைய அச்சில் இருந்த எழுத்தை அப்படியே எழுதி, கறைகளைக்கூடத் தேநீரால் புதியதில் வரவழைத்து, நிஜ அச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினாள். செய்த வேலை அத்தனை சுத்தமாக வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

அடுத்த வாரமே அச்சு ஒருநாள் காணாமல் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் எழுத்து சுவர்ப் பக்கம்.

அதற்குப்பின் பெரியவள் காத்திருந்தாள். வாத்தியக் கடைப் பக்கம் அடிக்கடி போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மாறியது சின்னவள்தான். சுற்றும்போது கம்பி அறுந்தது. அறுந்ததைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பற்றவைக்கும் கோலால் விரலைச் சுட்டுக்கொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டாய், வசமாக மாட்டிக்கொண்டாய் என்று பெரியவளுக்கு உள்ளுக்குள் ஓடியது. அதே நேரம் எழுந்துபோய் அவள் தோளைத் தொட வேண்டும்போலவும் இருந்தது. போகவில்லை.

"பல் வலி" என்று சின்னவள் கிளம்பிய ஒரு மதியத்தில், பெரியவளும் கதவைச் சாத்திவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினாள். பழைய மில் சுவரோரம் நடந்தால் தகரக் கொட்டகை. வெளியே வரிசையாக நாற்காலிகள் மெருகு காயக் கிடந்தன. உள்ளே பேச்சுக்குரல். முந்தானையால் மூக்கை இறுக மூடிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

மேஜைமேல் ஒரு கிட்டார் கிடந்தது. ஆரஞ்சும் கறுப்புமாக அந்த மரம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. இவர்கள் வடிவம்தான், ஆனால் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறியிருந்தது. இடதுகைக்காரனுக்கான கிட்டார். எழுத்து ஏன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் தடவை உடம்பையும் அடுத்த தடவை கழுத்துக்குழியையும் அச்சைக் குப்புறப் போட்டு வெட்டியவள், இரண்டு தடவையும் அதே வாக்கில் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள்.

சின்னவள் கம்பிக்குப் பதில் தையல் நூலைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர நூல் பாதிக் கழுத்துக்குமேல் விளிம்பை விட்டு விலகிக் காற்றில் நின்றது. பாலிஷ்காரர் தலையைச் சொறிந்தார்.

"திரும்பத் திரும்ப அளந்துதானம்மா குடைஞ்ச? நானும் பக்கத்துலயே நின்னேனே."

சின்னவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஓடவில்லை, ஒளிக்கவில்லை. முகம் மட்டும் உடைந்தது.

"திட்டணும்னா திட்டுக்கா. போன மழையில நீ அனுப்பினியே, அவரு கட்டைதான் இது. இடதுகைக்குச் செய்யமாட்டோம்னு சொல்லிட்ட, இந்த மரம் வேண்டாம்னும் சொல்லிட்ட. அவரு அப்பா கப்பல் உடைக்கிற யார்டுல வேலை பாத்தப்ப, கேப்டன் ரூம் மேஜையிலருந்து எடுத்து வச்ச பலகையாம். நான் பின்னாடியே ஓடிப்போய், நான் செஞ்சு தரேன்னு சொல்லிட்டேன். பட்டறையில வச்சு அறுத்தா உனக்கு மூச்சு நின்னுடும். அதான் இங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விரல எண்ணியிருப்ப." சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "முழுசா ஒரு கிட்டார் நானே செஞ்சு உன் முன்னாடி கொண்டுவந்து வைக்கணும்னு இருந்தேன். நீ சொன்னதுதான் சரி. எனக்குக் கை வரல. திரும்பக் கிடைக்காத கட்டையப் பாழாக்கிட்டேன்."

அந்த நிமிஷம் பெரியவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தங்கை காலம் முழுக்கத் தன் கையையே நொந்துகொண்டிருப்பாள், அவ்வளவுதான். முந்தானைக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. மரத்தூளாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

"உன் கை சரியாத்தான் இருக்கு" என்றாள். "அச்சு தப்பு. நான்தான் கோணலா வெட்டி மாட்டினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"எதுக்கு?"

"நீ வடிவத்த இவருக்கு விக்கிறன்னு நெனச்சேன்."

பாலிஷ்காரர் கையிலிருந்த துணியை மேஜையில் போட்டார். "அப்ப காப்பியடிச்சவனுக்கும் நான்தான் குடுத்தேன்னு நெனச்சீங்க, இல்ல? கடையில தொங்கற கிட்டார யார் வேணா வாங்கிட்டுப் போய் அளக்கலாம்மா. நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டதே இல்ல."

சின்னவள் நூலை மெதுவாக அவிழ்த்து விரலில் சுற்றினாள். அப்புறம், "நீ போக்கா" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பெரியவள் மறுநாள் நிஜ அச்சைக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். சின்னவள் அதைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொன்னாள். பிறகு அக்கா பார்த்திருக்கவே ஸ்கேலையும் மூலைமட்டத்தையும் எடுத்து, ஒவ்வொரு விளிம்பாக அளந்தாள். கழுத்துக்குழியை இரண்டு பக்கமிருந்தும் அளந்தாள். பெரியவள் முந்தானையால் மூக்கை மூடியபடி காத்திருந்தாள்.

"சரியா இருக்கு" என்றாள் சின்னவள் கடைசியில், பாலிஷ்காரரிடம்.

ஒரு வழிதான் இருந்தது. வெட்டி மிஞ்சிய அதே மரத்துண்டில் கட்டை இழைத்து, கோணல் குழியை அடைத்து ஒட்டி, காய்ந்தபின் புதிதாகக் குடைய வேண்டும். "நான் குடைஞ்சு தரட்டுமா? முகமூடி போட்டுக்கறேன்" என்று பெரியவள் கேட்டாள்.

"வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு யாரு அலையிறது?"

குடைந்த அன்று பெரியவள் சாலைக்கு எதிர்ப்புறம், மில் சுவர் நிழலில் நின்றாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சீராகப் போன இரைச்சல் திடீரென்று கனத்து முனகியது. கத்தி கெட்டியான இடத்தில் சிக்குகிறது, இன்னும் அழுத்தினால் பிய்ந்துவிடும். 'கொஞ்சமா எடுடி!' என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் முனகல் தானாகவே தணிந்து, இரைச்சல் பழையபடி மெல்லியதாயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிட்டார் முடிந்தது. கழுத்தடியில் உற்றுப் பார்த்தால் ஒட்டின கோடு தெரிந்தது. சின்னவள் அதை மறைக்காமல் இடதுகைக்காரனிடம் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். "எங்கப்பா இந்தப் பலகையில வச்சு மீன் வெட்டினாரு. இதெல்லாம் ஒரு காயமா?" என்று சொல்லிவிட்டு, ஒயரைச் செருகி மாலைவரை வாசித்தானாம். இதெல்லாம் கணவர் மூலமாகப் பெரியவளுக்குத் தெரிந்தது. அன்று அவளை யாரும் கூப்பிடவில்லை.

சின்னவள் சுற்றுக் கருவியையும் மேஜையையும் பாலிஷ்காரர் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டாள். திரை இருந்த இடம் வெறுமையாகிப்போனது. பிக்கப் வேண்டுமென்றால் பெரியவள் போனில் சொல்லவேண்டும். முடிந்ததும் சின்னவள் அதை அட்டைப்பெட்டியில் வைத்து அக்கா கணவரின் பேருந்தில் ஏற்றிவிடுவாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன கூரியர்காரன் ஆக்கிட்டீங்க" என்று அவர் முணுமுணுத்தாலும், பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாகவே கொண்டுவந்தார்.

கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள் சின்னவளே பட்டறைக்கு வந்தாள். கழுத்துக்கு மேப்பிள் கட்டை ஒன்று வேண்டுமாம். பெரியவள் இருப்பதிலேயே நேரான வரியோடிய கட்டையை உருவிக் கொடுத்தாள். சின்னவள் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தாள், தட்டினாள், பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.

"இன்னும் என்மேல நம்பிக்கை வரல, இல்ல?" என்றாள் பெரியவள்.

"கோவமெல்லாம் போயிடுச்சுக்கா." சின்னவள் ஸ்கேலைக் கட்டைமேல் வைத்தாள். "அளந்து பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

"அளந்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பெரியவள் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள்.