பதினொரு பாதசாரிகள்

1

இந்தக் கதை ஒரு பொரிப் பொட்டலத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். யாருக்குக் கொடுத்த பொரி என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவப் பார்த்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'ஒரகடம் சாலையில் காலைச் சூரியன் கண்டெய்னர் லாரிகளின் மேல்...' வேண்டாம். காலை ஆறு மணிக்கு அங்கே சூரியனை யாரும் பார்ப்பதில்லை. கம்பெனி பஸ் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

2

சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு நாற்சந்தி. (சரியான ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. காரணம் கடைசியில் புரியும்.) அங்கே ரவுண்டானா கட்டுவதா, சிக்னல் வைப்பதா என்று ஊராட்சி மன்றத்திடம் தீர்மானம் கேட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எப்படி முடிவாகிறது தெரியுமா? ஆட்கள் நாள் முழுக்கக் குடைக்கடியில் உட்கார்ந்து, போகிற வண்டிக்கு ஒரு கோடு, நடந்து கடக்கிறவருக்கு ஒரு கோடு என்று தாளில் போடுவார்கள். கோடுகள் ஓர் அளவைத் தாண்டினால் சிக்னல். தாண்டாவிட்டால் ரவுண்டானாவே போதும் என்பார்கள். ரவுண்டானா மனிதர்களை நம்புகிறது, சிக்னல் நம்புவதில்லை.

(இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடந்து போகிறவர்கள் இதில் இல்லை. ரவுண்டானாவில் லாரி வேகத்தைக் குறைக்கும், நிற்காது. நடப்பவருக்கு வேண்டியது நிற்கிற லாரி.)

தாளில் வந்த கணக்குப்படி, அந்தச் சந்தியை நாள் முழுவதும் நடந்து கடந்தவர்கள் பதினொரு பேர்.

3

இனி கிளியம்மாள் வரலாம். ஐம்பது வயது, ஊராட்சி வார்டு உறுப்பினர், சந்தி மூலையில் டிபன் கடை. கம்பெனி பஸ்கள் கடை வாசலில்தான் நிற்கும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். சிக்னல் வந்தால் பஸ் நிறுத்தம் நூறு மீட்டர் தள்ளிப் போகும். இட்லிக்காக நூறு மீட்டர் நடந்து வர யாருக்கும் நேரம் இருக்காது. ரவுண்டானா என்றால் நிறுத்தம் அங்கேயே இருக்கும், கடையும் பிழைத்துக்கொள்ளும்.

அதனால் பதினொரு பேர் என்று கேட்டதும் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. பிறகுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

எண்ண வந்தது ஆயுத பூஜையன்று. கம்பெனிகள் எல்லாம் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு மூடிக் கிடந்தன. பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. சாலையில் வண்டிகளைவிட உடைத்த பூசணிக்காய்கள்தான் அதிகம். கிளியம்மாள் கிரைண்டருக்குப் பூஜை போட்டு முடித்து, குடைக்கடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஆளுக்குத் தன் கையாலேயே ஒரு பொட்டலம் பொரி கொண்டுபோய்க் கொடுத்தாள். மற்ற நாட்களில் காலை ஷிப்டுக்கு மட்டும் நானூறு பேர் கடக்கும் இடம் அது.

(கிளியம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பொரி கொடுத்ததால் மட்டும் ஒருத்தி நல்லவள் ஆகிவிட முடியாது.)

4

கிளியம்மாளின் வீடு சாலைக்கு எதிர்ப்பக்கம். மாடி அறையில் முத்துச்செல்வி இன்னும் இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒயரிங் லைனில் வேலை. தினமும் சாலையைக் கடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும்.

"யக்கா, ரவுண்டானா வந்தா லாரி நிக்கவே செய்யாதாமே?"

"மெதுவா போவும்டி."

"மெதுவாப் போனாலும் போயிக்கிட்டேதான இருக்கும்? இப்பமே மூணு பேரும் கையக் கோத்துக்கிட்டுத்தான் ஓடுதோம். போன வாரம் எங்க ரூம் ஷெர்லின் செருப்பு நடுரோட்டுல கெடந்துட்டு. அவ எடுக்கத் திரும்பிட்டா."

"எடுத்தாளா?"

"நான் இழுத்துட்டேன்."

கிளியம்மாள் சட்னி ஊற்றினாள். "துன்னுட்டுக் கெளம்பு, பஸ் வந்துரும்" என்றாள். ஆயுத பூஜையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடையை நினைத்துத்தான் திறக்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று. மன்றக் கூட்டத்தில் தலைவர் டில்லிபாபு, "யாருக்கானா ஆட்சேபணை கீதா?" என்கிறார். கிளியம்மாள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (அவள் கடை போவதற்கு நான் கை தட்ட வைக்கிறேன். இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு. அவள் பேசவில்லை. ரவுண்டானா வருகிறது, நடுவில் புல்தரை. ஒரு காலையில் ஷெர்லின் மறுபடியும் செருப்புக்காகத் திரும்பி... (இதை எழுத என்னால் முடியாது.)

முடிவு மூன்று. தலைவர் கேட்கிறார். கிளியம்மாள் எழுந்திருக்கவில்லை. திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

"இன்னா சார், எல்லாத்தையும் என் தலைல கட்டிட்டு நீ பாட்டுக்கு எழுதிக்கினு கீற? பொரி துன்னது நீ. கோடு போட்டது நீ. என் கட போனா போவட்டும், அத நான் பாத்துக்கறேன். மொதல்ல நீ வாயத் தொற."

6

ஆமாம். குடைக்கடியில் இருந்த ஆள் நான்தான். கதை எழுதுவது ஒழிந்த நேரத்தில், கோடு போடுவதுதான் பிழைப்பு. தாளைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். படிவத்தில் 'இயல்பான நாள்', 'விடுமுறை நாள்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பொரியை மென்றுகொண்டே முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். எனக்கு அது வேலை நாள்தானே என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வேலை இருக்காது. அதனால்தான், பொரி கொடுத்த பெயர் தெரியாத அம்மாவுக்கு ஒரு பெயரும் கடையும் பதவியும் கொடுத்து, என் பாரத்தை அவள் மேல் இறக்கப் பார்த்தேன். ஆனால் முத்துச்செல்வியை நான் உண்டாக்கவில்லை. அவள் தினமும் அங்கே கடக்கிறாள்.

கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கொடுப்பேனா என்று...

முடிவை எழுதப்போவதில்லை. எப்போதாவது அந்த வழியாகப் போனால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சந்தியில் சிக்னல் இருந்தால், கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். ரவுண்டானா இருந்தால், தயவுசெய்து வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மூன்று பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள்.