விர்வேயின் பாதை பட்டியலில் ஏறிய காலை

விடியும் முன்பே பனி முழங்கால் அளவு உயர்ந்திருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பனி அகற்றும் வண்டிக்கான பட்டியலைத் திறந்த நான் திடுக்கிட்டேன். காட்டோரத்தில் தனித்து வாழும் விர்வே அம்மையாரின் பாதை அதில் இல்லை. வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் அவர். அன்று முறை நாள். ஒன்பது மணிக்கு மருத்துவமனை வண்டி வரும்.

முன்பெல்லாம் ஓட்டுநரின் முன்கண்ணாடியில் ஒட்டிய காகிதமே பட்டியல். கடந்த இலையுதிர் காலத்தில் அதை மக்கள் பதிவேட்டுடன் இணைத்தவள் நான். இவ்வூரில் குடியிருப்பதாகப் பதிந்தவர்களின் பாதை மட்டுமே இப்போது பட்டியலில் ஏறும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இப்போது அவரது பதிவைத் திறந்தேன். முகவரி: தலைநகர் தாலின், மகளின் அடுக்ககம்.

உடனே அழைத்தேன்.

“விர்வேம்மா, நீங்க தாலின்ல குடியிருக்கீங்களாமே?”

“பதிவுல மட்டும்தான் லேலோ. அந்த ஊர்க்காரங்களுக்கு டிராம் இலவசமாச்சே! மக வீட்டுக்குப் போனா ஓசியில சுத்தலாம்.”

“கடைசியா எப்ப சுத்தினீங்க?”

“மூணு வருஷம் இருக்கும்.”

“அந்த ஓசி டிராமாலதான் இன்னிக்கு உங்க பாதைக்கு வண்டி வரல.”



ஓட்டுநர் கௌப்போவை அழைத்தேன். “அக்கா, பட்டியல்ல இல்லாத தனியார் பாதையில இறங்கி வேலிய இடிச்சா காப்பீடு கெடைக்காது. எட்டேகாலுக்கு அவங்க பாதை பிரியுற முனையத் தாண்டுவேன். அதுக்குள்ள ஏத்திடுங்க,” என்றான்.

முகவரியை மாற்றி மின்கையொப்பம் இட வேண்டியவர் விர்வே மட்டுமே. மீண்டும் அவரை அழைத்துக் கணினியின் முன் உட்காரச் சொன்னேன்.

“அடையாள அட்டையச் சொருகிட்டேன். ரகசிய எண் கேக்குது. நாலு, ஒண்ணு...”

“ஐயோ, சொல்லாதீங்க!”

“உன்கிட்டதானடி சொல்றேன்?”

“என்கிட்டயும் கூடாது!”

“என் பதிவையெல்லாம் பாக்குறவ இதுக்கு மட்டும் காதப் பொத்திக்கிறா!”

எட்டு மணி ஏழு நிமிடத்திற்கு அவரது விண்ணப்பம் என் திரையில் தோன்றியது. ஒப்புதல் அளித்தேன். ஓட்டுநரின் திரையில் பட்டியல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறையே புதுப்பிக்கப்படும். கடிகாரத்தையே நோக்கியிருந்தேன்.

“வந்திருச்சுக்கா, திரும்புறேன்!” என்று கௌப்போ கூவினான்.

ஒன்பதேகாலுக்கு மருத்துவமனை வண்டியிலிருந்து விர்வே அழைத்தார்.

“ஏண்டி, ஏழு நாப்பத்திரண்டுக்கு என் பதிவைத் தொறந்திருக்கியாமே? யாரு எப்பத் தொறந்தாலும் போன்ல காட்டுது. எதுக்கு?”

“பாதை ஏன் விட்டுப்போச்சுன்னு பாக்கத்தான்.”

“சரி, காரணத்த ஒழுங்கா எழுதி வை. இனிமே டிராம் டிக்கெட் உன் செலவு!”

காரணத்தை எழுதினேன். பிறகு அலமாரியிலிருந்து பழைய காகிதத்தை எடுத்துத் திரையுடன் ஒப்பிட்டேன். காகிதத்தில் முப்பத்தொரு வீடுகள். திரையில் விர்வேயையும் சேர்த்து இருபத்தொன்பது. கௌப்போ இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்தில்தான் இருப்பான். விடுபட்ட இரு வீடுகளில் முதலாவதன் தொலைபேசி எண்ணை அழுத்தினேன்.