விதானையாரின் கைத்துவக்கு

திலீபனின் கொட்டிலில் கிடந்த சாமான் ஒன்றுகூட அவனுடையதில்லை. வோட்டர் பம்புகள், மருந்தடிக்கிற மெசின்கள், பிரித்துப் போட்ட லாண்ட்மாஸ்டர் உழவு எஞ்சின், எல்லாமே அக்கராயன் ஊர்க் கமக்காரரின் சொத்து. கொண்டுவந்து போடுவார்கள், திருத்தி முடிந்ததும் தூக்கிக்கொண்டு போவார்கள். திருத்துகிறவனைச் சொந்தக்காரன் என்று உலகத்தில் யாரும் நினைப்பதில்லை. பத்து வருசமாக அந்தக் கொட்டிலைக் கூட்டிப் பெருக்கிய அவன் பெண்சாதி சிவரூபிக்கு இதில் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அவள் கெட்டதே அதனால்தான்.

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் இறங்கியிருந்த நேரம் ராஜரத்தினம் ஒரு துணிப்பையோடு வந்தார். கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர். எந்த வயலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பது அவருடைய நாக்கில் இருந்தது. திலீபனும் சிவரூபியும் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர், வாய்க்காலின் கடைசிக் கோடியில் கிடந்தது. அவர் நினைத்தால் பச்சை, நினைக்காவிட்டால் வைக்கோல்.

பைக்குள் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பழைய ரிவோல்வர். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் சனமெல்லாம் நகையையும் தையல் மெசினையும் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனதுபோல, ராஜரத்தினம் ஒரு தகரப்பெட்டியை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டிருந்தார். புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது பெட்டி அகப்பட்டது. துரு தின்றதுபோக மிச்சம் இதுதான்.

திலீபன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இயக்கத்தில் ஆறு வருசம் ஆயுதம் திருத்தியவன், அதற்காக இரண்டு வருசம் புனர்வாழ்வு முகாமில் இருந்தவன். இனி இந்தச் சாமானைத் தொடுவதில்லை என்று கலியாணம் முடித்த கிழமையே சிவரூபிக்குச் சொல்லியிருந்தான். ராஜரத்தினம் சிரித்தார்.

“இது உங்கட இயக்கச் சாமான் இல்லையடா. என்ர பாட்டா ஊருக்குப் பெரியவரா, விதானையாரா இருக்கேக்க வெள்ளைக்காரன் குடுத்தது. அதைத் துடைக்கிறதும் குற்றமே?”

பிறகு, சும்மா ஞாபகம் வந்ததுபோல, கடைக்கோடிப் பயிர் மஞ்சளடிக்குது, வியாழக்கிழமைத் தண்ணி முறையை யோசிக்கவேணும் என்றார். துடைத்துத் தரத்தானே கேட்கிறார், செய்து கொடுங்கோவன் என்று சிவரூபிதான் சொன்னாள்.

அவன் வாங்கினான். வாங்கியதும் அவனுடைய முகமே மாறிப்போனது. வாயை ஒருவருக்கும் நேரே பிடிக்காமல் வயல் பக்கம் திருப்பி, மேலேயிருந்த கொளுவியை அழுத்தி முறித்துத் திறந்து, உள்ளே குண்டு கிடக்கிறதா என்று முதலில் பார்த்தான். இல்லை. அதன்பிறகுதான் கதைத்தான். சின்ன உடம்புக்காரத் துவக்கு இது, சட்டைப்பையில் வைக்கச் செய்தது, ஆறு இல்லை ஐந்து குண்டுதான் பிடிக்கும், இப்படி நடுவில் முறிகிறது எல்லாம் நூறு வருசத்துக்கு முந்தின வேலை. கம்பனிப் பெயர் தேய்ந்துவிட்டது, ஆனால் பிடிக்குக் கீழே இலக்கம் இருக்கிறது, அதைக் காப்பாற்றினால் வயதைச் சரியாகச் சொல்லலாம் என்றான். இவ்வளவு பேச்சை அவனிடமிருந்து ஒரே மூச்சில் அவள் கேட்டதில்லை. சந்தோசமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு நாள் அந்தத் துருப்பிடித்த துண்டோடு மல்லுக்கட்டினான். ராஜரத்தினம் கொண்டுவந்த சாண்ட் பேப்பரை வெளியே எறிந்தான். அதைப் போட்டால் வெள்ளிப்பூச்சும் போகும், இலக்கமும் போகும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் துருவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான். அவள் தேங்காயெண்ணெய் நீட்டினாள். அது நாளடைவில் பிசினாகிப் பிடித்துவிடும் என்று தையல் மெசின் எண்ணெய்தான் விட்டான். இறுகிக் கிடந்த குண்டுருளை இரண்டாம் நாள் பின்னேரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. வெறுமனே விசையை இழுத்து விளையாடக்கூடாது, பொலித்தீனில் சுற்றினால் வேர்த்துத் துருப்பிடிக்கும், பருத்தித்துணிதான் நல்லது என்று பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுப்பதுபோல் ராஜரத்தினத்துக்குச் சொல்லிக் கொடுத்தான்.

தோட்டக்காட்டான் என்றாலும் கை தங்கம் என்றார் அவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த சனத்துக்கு ஊர் வைத்த இழிபெயர் அது, ஆனால் பாராட்டித்தான் சொன்னார். வியாழக்கிழமை தண்ணீர் வந்தது.

புது வீட்டுக் குடிபூரலுக்குக் கனடாவிலிருந்து அவருடைய தங்கச்சி குடும்பம் வந்தது. கண்ணாடி அலுமாரிக்குள், விதானையாரின் படத்துக்குக் கீழே துவக்கு மினுங்கியது. வந்தவர்கள் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, அந்தப் படத்தைப் பற்றிப் பொலிஸ் விசாரிக்கிறது என்று யாரோ ராஜரத்தினத்துக்குப் போன் பண்ணிச் சொன்னார்கள். அந்த மனிதர் குளத்தில் எறியவில்லை, கிணற்றில் போடவில்லை. பொலித்தீனில் சுற்றி, உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் நேரே திலீபனின் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். அவன் பம்புக்குச் சாமான் வாங்கக் கிளிநொச்சி போயிருந்தான். துவக்கு வேர்க்கிறது, திரும்ப எண்ணெய் போடச் சொல்லு என்று சிவரூபியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் மற்றச் சாமான்களோடு ஆணியில் கொளுவி வைத்தாள். திலீபன் திரும்பி வரும்போது பொலிஸ் அவனுக்காகக் கொட்டிலில் குந்தியிருந்தது. துவக்கோடு அவனையும் ஏற்றிக்கொண்டு போனது.

ராஜரத்தினத்தின் கண்ணாடி அலுமாரிக்குள்ளோ ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுத் துவக்கு ஏறியிருந்தது. படத்தில் இருந்தது அதுதான் என்று ராஜரத்தினம் பொலிஸுக்குக் காட்டினார். கனடாக்காரர் படங்களை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள்.

சிவரூபி அவர் வீட்டுக்கு ஓடினாள். வழமையாக முற்றத்தோடு நிறுத்திப் பேசுகிற மனிதர், அன்றைக்கு உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. அந்த அந்தரத் தவிப்பிலும் அந்தக் கதிரை அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தரம் தன்னைத்தானே காறித் துப்பினாள்.

“உண்மையைச் சொல்லு, தங்கச்சி. பழுதாக் கிடந்தது, மனுசன் திருத்தினவர் எண்டு சொல்லு. திருத்துறவனை ஆர் பிடிக்கிறது? என்ர பேரை மட்டும் விடு. நானும் உள்ள போனா, வெளியில நிண்டு லோயர் பிடிக்க ஆர் இருக்கினம்?”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. எஞ்சின் திருத்தியவனிடம் எஞ்சினைக் கேட்டு எவன் வந்திருக்கிறான்? வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டபோது தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் நிதானமாகத்தான் கேட்டார். துவக்கு இறுகிக் கிடந்தது, மனுசன்தான் கழற்றிப் பூட்டிச் சரிக்கட்டினார், இப்போது நன்றாக வேலை செய்யும் என்றாள். கொண்டுவந்தது யார் என்று கேட்டார். ஆரோ கமக்காரர், பேர் தெரியாது என்றாள். வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ராஜரத்தினம் லோயர் ஒருவரையும் பிடிக்கவில்லை. போன் எடுத்தால் கட் பண்ணினார். அவளே அலைந்து ஒரு பெண் லோயரைக் கண்டுபிடித்தாள். வழக்குக் கோவையைப் புரட்டிய அந்த அம்மா அதை மூடி வைத்தார். துருவோடு கிடந்திருந்தால் பழைய இரும்பு என்று வாதாடிப் பார்த்திருக்கலாம் என்றார். முன்னாள் போராளி, முகம் தெரியாத ஒருவருக்காகச் சுடக்கூடிய துவக்கு ஒன்றைத் தயார் செய்திருக்கிறார், அப்படித்தான் இதில் வாசிக்கிறது. இனி ராஜரத்தினத்தின் பெயரைச் சொன்னாலும் புருசனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள்.

“உங்கட வாக்குமூலம் ஒண்டே காணும் அம்மா. வேற சாட்சி அவைக்குத் தேவையில்லை.”

பிடிபட்டு ஏழாவது மாதம்தான் அவனைச் சிறைச்சாலையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஆறுதலாகப் பார்க்கக் கிடைத்தது. ஆள் பாதியாகியிருந்தான். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை, விழுந்துவிட்டேன் என்றான். விசாரணையில் ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று மெல்லச் சொன்னான். துவக்கையே தெரியாது, கொட்டிலில் ஆரோ வைத்திருக்கிறார்கள் என்று கடைசிவரை நின்றானாம். அதைச் சொல்லி முடித்தபோது அவன் கண்ணில் ஒரு வெற்றிகூட இருந்தது. பிறகு அது போய்விட்டது.

“நான் வாயே திறக்கேல்ல, ரூபி. ஆனா நான்தான் கழட்டிப் பூட்டினனான் எண்டு கண்டமாதிரி ஆரோ சொல்லியிருக்கினம். ஆரெண்டு லோயர் சொன்னவவோ?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“ஆரா இருந்தாலும், செத்தாலும் நான் அவையளை மன்னிக்கமாட்டன்.”

“ஓம்,” என்றாள் சிவரூபி. “மன்னிக்காதேங்கோ.”

நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னான். அவள் கொண்டுவந்த சோப்பையும் பற்பசையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, கிளிநொச்சிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வெளியே வந்தாள்.