ஒன்பது ஐம்பத்தொன்று

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, இரண்டாவது தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தாள் உமாதேவி. முதல் கட்டு நிற்கவில்லை. கட்டுத்துணி கடைத் துண்டிலிருந்து கிழித்தது. குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் முப்பது வருடம் துண்டும் எண்ணெயும் விற்றவர் வீட்டில் வேறென்ன துணி கிடைக்கும்?

"ஏட்டி, உயிரு எத்தன மணிக்குப் போச்சு?" என்றார் பெரியப்பா பால்வண்ணநாதன். சிவகிரியிலிருந்து காரில் வந்து இறங்கி, தம்பி முகத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் அழுது, மூக்கைத் துடைத்த கையோடு நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் ஜோசியர் சுந்தரபாண்டியன் பஞ்சாங்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். "ஒம்பது நாப்பத்திரெண்டு வரைக்கும் திருவோணம், தோஷமில்ல. அதுக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு, ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போட்டுரணும்." பிறகு உமாவைப் பார்த்து மரியாதையாகக் குரலைத் தணித்தார். "ஒங்களுக்குத் தெரியாததா? நம்ம ரெண்டு பேரும் ஒரே லைன்தான."

இந்தப் பழி அப்பாவைத்தான் சேரும். மகள் பெங்களூரில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறாள் என்று மேலகரம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி நாலைந்து பேர் பொருத்தம் பார்க்க ஜாதகம் கொடுத்தார்கள். மனிதர் மறுக்காமல் வாங்கி பீரோவில் அடுக்கி வைத்திருந்தார்.

ஆனால் மகளின் வேலை என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். எங்கேயோ ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கிரகம் போகும். வெளிச்சம் துளி மங்கும். கிரகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால், அதைக் கடந்து வருகிற வெளிச்சத்தில் அதன் சுவடு இருக்கும். அதில் நீராவி உண்டா என்று தேடுகிறவள் உமா. துண்டு வாங்க வந்தவர்கள் ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு இதையெல்லாம் அவர் வாயால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆதிகாலத்துக் கேலக்ஸிகள் கணக்குக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன, எப்படி உருவாயின என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று அவள் ஒருமுறை போனில் சொன்னபோது, "வயசுக்கு மீறி வளந்திருக்கு. எங்க அண்ணன் மவன் மாதிரி" என்று முடித்துவிட்டார்.

அவருக்கு இருந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, ஒன் கிரகத்துல சாரல் உண்டா?"

"தெரியாதுப்பா. டேட்டா பத்தாது."

இன்று காலையில் கட்டிலில் கிடந்தபடி மறுபடியும் கேட்டார். அவளும் மறுபடி அதையே சொன்னாள். உண்டு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. அதற்கப்புறம் அவர் எதையும் கேட்கவில்லை. மூச்சு நின்றதும், வேலைப் பழக்கத்தில், கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. ஒன்பது ஐம்பத்தொன்று.

"அடைப்புன்னா ஒண்ணும் பிரச்சின இல்ல," என்றார் பெரியப்பா. "மங்களத்த நான் சிவகிரிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்கன அவளுக்கு என்ன கொறச்சல்?"

அங்கே மின்விசிறி போடுவதற்குக்கூடப் பெரியம்மாவின் அனுமதி வேண்டும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அம்மா அந்த வீட்டில் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. போதாததற்கு இது சீசன் நேரம், கடையையும் பூட்ட வேண்டிவரும். அடுக்களை வாசலில் நின்ற அம்மா மங்களேஸ்வரி கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை உமா பார்த்தாள்.

"மணியச் சொல்லுட்டி."

போன வருடம் நேரக் கணக்கில் நாற்பது வினாடி பிசகியதற்காக, அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டவள் அவள். கூட வேலை பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"ஒம்பது முப்பத்தெட்டு," என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பன்னெண்டு செகண்டு. அதுக்கும் கீழ வேணுமா பெரியப்பா?"

"அவங்க சொன்னா அப்பீலே கெடையாது," என்று ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடினார். "திருவோணம். புண்ணியவான்!"

பெரியப்பா விடவில்லை. "மங்களம், நீ மணி பாத்தியா?"

"நான் எங்கன பாத்தேன் அத்தான்? அடுப்புல கஞ்சி கெடந்துச்சு."

மதியத்துக்குமேல் அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு கழுவி, குளித்து, விளக்கேற்றி, வந்தவர்கள் கிளம்பியபின் அறையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். வெறும் கட்டிலைப் பார்க்கப் பார்க்க உமாவுக்குத் தாங்க முடியவில்லை.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தாரே," என்றாள் அம்மா. "அந்தக் கிரகத்துல சாரல் உண்டாட்டி?"

"உண்டும்மா. நல்ல சாரல்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது ஒம்பது முப்பத்தெட்டா, ஒம்பது அம்பத்தொண்ணா?"

உமாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அப்பாவின் கட்டில் ஓரம் நனைந்துகொண்டிருந்தது. மூடுவதற்கு இருவரும் எழவில்லை.