ஆத்தா வந்திருந்த வீடு

பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்று கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருக்கும் ஒழுங்கை முழுக்க மயிலம்மாவுக்குப் பேர். வெள்ளவத்தையில் நெஞ்சு டொக்டர் கிருபாகரன் கேட்டபோதும், தான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“சின்னனில மகளுக்குக் கடும் வருத்தம், நோய் ஏதும் வந்ததோ?”

“ஒரு வருத்தமும் வரலைங்க.”

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். டில்ஷானியின் இடது நுரையீரல் மற்றதைவிடச் சிறுத்து, கன்னங்கரேலென்று கிடந்தது.

“போன காத்து வெளிய வர ஏலாமல் உள்ளுக்கே நிக்குது. சின்ன வயசில நெஞ்சுக்குள்ள கிருமி போனால், அருமையா, ஆயிரத்தில ஒராளுக்கு இப்பிடி வரும். அதெண்டால் பயமில்லை, மருந்தோட சமாளிக்கலாம். ஒண்டுமே வரேல்லை எண்டால் வேற என்னவோ அடைக்குது. குழாய் விட்டுச் சதை எடுத்துப் பாக்கவேணும்.”

டில்ஷானி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வயதாகியும் சின்னப் பிள்ளையைப் போல.

மயிலம்மா பிறந்து வளர்ந்த இடத்தில், பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தால் அதை யாரும் வருத்தம் என்பதில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஆத்தா அவளுடைய இரண்டு பிள்ளைகள் மேலும் வந்தாள். மயிலம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள். மீன் பொரிக்கவில்லை. மருந்தென்ற பேச்சே எடுக்கவில்லை. வந்தவளை ஊசி போட்டு விரட்டுவதா? ஏழாம் நாள் மூத்தவன், ஐந்து வயது யோகராஜ், போய்விட்டான். இரண்டு வயது டில்ஷானி பிழைத்தாள். ஆத்தா ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டாள் என்று சனம் ஆறுதல் சொன்னது. பாவி மனுஷி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமும் சோறு தின்றாள்.

ஆனால் மகள் படியேறி வரும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு விசில் கேட்கும். யோகராஜுக்குக் கடைசி இரண்டு நாளும் கேட்ட அதே சத்தம். மகளுக்குள்ளே மகன்தான் இருந்து மூச்சுவிடுகிறான் என்று மயிலம்மா நினைப்பாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்தால் அதைவிடக் கேடு. வந்தது வருத்தம்தான் என்றால் பிள்ளையைக் கொண்டுபோனது ஆத்தா இல்லை.

குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி டொக்டர் கடிதம் எழுதத் தொடங்கினார். டில்ஷானி இருமினாள். அந்த விசில் அறைக்குள் எழுந்தது.

“சின்னமுத்து,” என்றாள் மயிலம்மா. “ரெண்டு புள்ளைக்கும் வந்துச்சு. நெஞ்சு அடைச்சுக்கிச்சு.”

டொக்டரின் பேனா நின்றது. “அந்த அம்மைதானம்மா வருத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?”

“பக்கத்து வீட்டு ஹமீமா ஓட்டோ கொண்டாந்து நிப்பாட்டுச்சு. புள்ளைகளை ஏத்துன்னு கதவைத் தட்டித் தட்டிக் கத்துச்சு. நான்தான் தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்.”

டொக்டர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தார். குழாய் இப்போதைக்குத் தேவையில்லை, ஒரு ஸ்கான் எடுத்து உறுதிப்படுத்தலாம் என்றார். டில்ஷானி அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. தாயின் கையை விட்டிருந்தாள்.

“அண்ணனுக்கு அந்த நேரம் நினைவு இருந்துச்சா?”

“இருந்துச்சு,” என்றாள் மயிலம்மா. “ஆன்ட்டி தட்டுது, தொறங்கம்மான்னு அவன்தான் சொன்னான்.”