தவசிமுத்து இந்துவான விவரம்

ஐம்பத்தாறாம் வருடம், திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்த ராசையா நாடாரின் மகன் தவசிமுத்து, கடற்கரைக் குப்பத்து தேசப்பனின் மகள் புஷ்பவல்லியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவள் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்தாள். வேலை விட்டு வரும்போதெல்லாம் கடையில் நின்று புளி வாங்குவாள். மீன்குழம்பு வைக்கிற வீடுதான் என்றாலும், அவ்வளவு புளி எதற்கென்று யாரும் கேட்காதது குப்பத்தாரின் பெருந்தன்மை.

தவசிமுத்து நேராகவே போய்ப் பெண் கேட்டான். தேசப்பன் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ தங்கமான புள்ள. ஆனா நீங்க வேதக்காரங்க, ஏசு சாமிய கும்புடறவங்க. நாங்க இந்து. மதம் குறுக்கால நிக்குதுப்பா. இல்லாங்காட்டி எனக்கு இன்னா ஆட்சேபண கீது?"

மரியாதையாக வழியனுப்பும் பேச்சு அது. தவசிமுத்து அதை அப்படியே நம்பினான்.

"அப்போ நான் இந்துவாயிடுதேன். அதுக்கு என்ன செய்யணும்?"

தேசப்பன் வலையைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"அத்த நான் எப்டி சொல்றது? பொறந்ததுலேர்ந்து இப்டியேதான் கீறேன். வூட்ல கன்னியம்மாவாண்ட கேளு."

அவர் மனைவி கன்னியம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது. படகைத் தள்ளுமுன் கற்பூரம் கொளுத்த வேண்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும்.

"அப்பறம் செவ்வாக்கெழம ஆனா ராயபுரம் அந்தோணியாருக்கு மெழுவத்தி ஏத்தணும். மறந்துடாத."

"அது கத்தோலிக்கக் கோயிலாச்சே."

"ஆமா. ரொம்ப சக்தி."

புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்து எந்தப் புனிதரையும் வணங்கியறியாத தவசிமுத்து, இந்து ஆவதற்காக வாராவாரம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினான்.

இது மட்டும் போதாது என்று தோன்றியதால் ராயபுரத்தில் ஓர் இந்து சபையைத் தேடிப் பிடித்தான். துறைமுக ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கருணாகரன் அதன் காரியதரிசி. மதம் மாற விரும்பி ஒருவன் தானாகவே வந்து நிற்பது சபையின் சரித்திரத்தில் முதல்முறை. அவர் உற்சாகமாகப் பாடம் எடுத்தார். கடவுள் ஒன்று, வடிவங்கள் பல. செய்த வினை தொடர்ந்து வரும். உடம்பு சட்டை மாதிரி, பிறவிதோறும் மாறும். ஆத்மாவுக்கு அழிவில்லை, அதற்கு ஆண் பெண் இல்லை, சாதியும் இல்லை.

"அப்போ மெழுகுவத்தி?" என்று கேட்டான் தவசிமுத்து. அவர் காதில் அது விழவில்லை.

புதுப் பெயர் வைப்பதில்தான் சங்கடம் வந்தது. தவசி, முத்து, இரண்டுமே ஏற்கெனவே நம்முடையவை. கருணாகரனுக்கு ஏமாற்றம். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று குமாரவேல் என்று மாற்றினார். ஹோமம் நடந்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

இதற்கிடையே ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் தீபாராதனையின்போது, அந்த வெளிச்சத்தில் தெரிந்த அம்மனின் முகத்தைப் பார்த்து அவன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். கண் நிறைந்தது. பாடத்தில் இல்லாத விஷயம் என்பதால் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நெற்றி நிறைய விபூதியோடு மறுபடியும் தேசப்பனிடம் போனான்.

"ரொம்ப சந்தோசம். இப்ப நீ நம்ம ஆளு," என்றார் தேசப்பன். சற்று யோசித்துவிட்டு, "ஆனா நீ நாடாரு. நாங்க கடல்காரங்க. சாதி வுட்டு சாதி எப்டி குடுக்கறது?"

"ஆத்மாவுக்கு சாதி இல்லைன்னு சபையில சொன்னாங்க."

"நீ ஆத்மாவுக்கா பொண்ணு கேக்கற?"

கருணாகரனிடம் ஓடினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தத்துவம் வேற, சம்பந்தம் வேற தம்பி. சபையோட வேலை மதத்தோட முடிஞ்சுபோச்சு."

அதற்குள் ராசையாவுக்கு விஷயம் தெரிந்து, சண்டை போடுவதற்காகக் குப்பத்துக்கே கிளம்பி வந்தார்.

"மதம் மாறினதக்கூடப் பொறுத்துக்கிடலாம். எங்க தாத்தாவும் மாறினவருதான். ஆனா சாதி விட்டு சாதி நடக்குமாய்யா?"

"அதத்தான் நானும் சொல்லிகினு கீறேன்," என்றார் தேசப்பன்.

இருவரும் கரையில் கிடந்த படகின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தேசப்பன் பீடி நீட்டினார், ராசையா வாங்கிக்கொண்டார். இரு மதத்தாரும் மனமொத்து உட்கார்ந்ததை அந்தக் குப்பம் அன்றுதான் பார்த்தது.

தூரத்திலிருந்து புஷ்பவல்லியும் பார்த்தாள். மறுநாள் கடைக்கு வந்தவள் புளி வாங்கவில்லை.

"ரெண்டு பேரும் தோஸ்து ஆயிட்டாங்க. இனிமே யாராண்டப் போய் கேக்கறது? ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மனு குடுத்துரலாம், வா."

நோட்டீசு ஒட்டி, கெடு முடிந்து, கல்யாணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்துப் போட ஆலைத் தோழி ரஹீமுன்னிசா வீட்டாரோடு வந்திருந்தாள். அதிகாரி வயது கேட்டார், விலாசம் கேட்டார், ஏற்கெனவே கல்யாணம் ஆனதுண்டா என்று கேட்டார். மதம் கேட்டால் சொல்லலாம் என்று தவசிமுத்து கடைசிவரை காத்திருந்தான். பதிவுக் கல்யாணச் சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தார்கள். சில மாதம் கழித்துக் கன்னியம்மா, புருஷனுக்குத் தெரியாமல் வஞ்சிரத் துண்டங்களை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தகப்பன்மார் இருவரும் வரவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போனதைப் பற்றிப் பேச அவர்களுக்கு மாலை நேரம் போதவில்லை என்று அவள்தான் சொன்னாள்.

தவசிமுத்து வெள்ளிக்கிழமை தவறாமல் ரயிலேறித் திருவொற்றியூர் அம்மனைப் பார்த்துவிட்டு வந்தான். ஒருநாள் புஷ்பவல்லியையும் கூப்பிட்டான்.

"வாரம் பூரா ஆலையில நிக்கறேன், கோயில்லயும் போய் நிக்கணுமா?" என்று அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். "எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா."